குதிரைத் தவிடும் கருவாட்டுக் கொட்டகையும்

அளந்து போடுகிற வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், நம் கை எவ்வளவு தாராளமாக இருந்தாலும் வாங்குகிறவர் கண்ணுக்குப் படி தலைதட்டித்தான் தெரியும். ரேஷன் கடையோ, சத்துணவுக் கூடமோ, பால் பூத்தோ, எங்கே நின்று அளந்தவராக இருந்தாலும் சரி, நீங்கள் என் கட்சி. என்ன ஒன்று, நான் அளந்தது குதிரைக்கு.

மீன் பிடிக்கிற ஊரில் குதிரைக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு கடற்கரைக்கு வந்து, பிள்ளையைக் குதிரையில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிப் போட்டோ பிடித்துக்கொண்டு போனவர்கள் கேட்கமாட்டார்கள். அந்த ஒரு சுற்றை நம்பி எங்கள் பக்கத்தில் நாலு குடும்பம் பிழைக்கிறது. போன மழைக்காலத்தில் புயல் வந்து கடற்கரைக்குப் போகிற சாலையை அரித்துக்கொண்டு போய்விட்டது. வெளியாட்கள் யாரையும் விடவில்லை. மார்கழி பிறந்ததும் கல்யாண ஊர்வலமும் இல்லை. வருமானம் நின்றுவிட்டது. குதிரைக்குப் பசி மட்டும் நிற்கவில்லை.

பட்டணத்தில் பிராணிகளுக்கு உதவுகிற ஒரு சங்கம் தவிடும் கொள்ளும் காய்ந்த புல்லும் வேனில் அனுப்ப முன்வந்தது. ஊரில் அதை வாங்கி வைத்து அளந்து கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். மகளிர் குழுவில் பத்தாவது வரை படித்தவள் நான், கையில் நல்ல போன் வைத்திருப்பவளும் நான். இடுப்பில் மூன்று வயது மகளை வைத்துக்கொண்டே எந்த வேலையும் செய்துவிடுவேன் என்று வேறு பேர் வாங்கியிருந்தேன். என்னைக் கைகாட்டிவிட்டார்கள். அதற்குமுன் குதிரையை நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் குதிரையும் இளைத்துத்தான் போயிருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் மோசம் தேசப்பன் அண்ணனுடைய சிட்டு. தோள்பட்டை இறங்கி வலை இழுக்க முடியாமல் போனதும், படகில் இருந்த தன் பங்கைக் கொடுத்துவிட்டு அண்ணன் வாங்கிய மண் நிறப் பெண் குதிரை அது. சிட்டு விழுந்தால் அந்த வீட்டில் உலை ஏறாது. காணும் பொங்கலுக்குச் சாலையைத் திறந்துவிடுவார்கள், கூட்டம் வரும் என்று பேச்சு. அதுவரை சிட்டு நாலு காலில் நிற்க வேண்டும். அந்த மார்கழி முழுக்க எங்கள் எல்லோருக்கும் இருந்த கவலை அதுதான்.

மூக்கைத் திருப்பிய சிட்டு

முதல் வேன் வந்த அன்று மூட்டைகளை எங்கே இறக்குவது என்று கேட்டார்கள். ஊரில் மழைக்கு ஒழுகாத கூரை, தரையில் ஈரம் ஏறாத மேடை, இரண்டும் உள்ள இடம் எங்கள் குழுவின் கருவாட்டுக் கொட்டகைதான். பாதியில் கருவாடு, பாதியில் தவிடு என்று அழகாக அடுக்கினேன். மறுநாள் தேசப்பன் அண்ணன் தவிட்டை வாங்கிப் போய் சிட்டு முன்னால் வைத்திருக்கிறார். அது மூக்கை உள்ளே விட்டு, ஒரு தும்மல் தும்மி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாயங்காலமும் அப்படியே. பசியில் கிடக்கிற குதிரை தீனியைத் தொடவில்லை என்றால் உள்ளே ஏதோ பெரிய நோய் என்று அண்ணனுக்குப் பயம். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அதைவிடப் பயம். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வந்து தவிட்டை அள்ளி மோந்து பார்த்தோம். நல்ல தவிடுதான் என்று எல்லோரும் ஒரே வார்த்தையாகச் சொன்னோம்.

கடைசியில் பாஷா பாய் வந்தார். கல்யாண சாரட்டுக்கு இரண்டு வெள்ளைக் குதிரை வைத்திருப்பவர், பழவேற்காடு டவுனில் வீடு. கொட்டகை வாசலிலேயே நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்போதும் எங்களுக்கு விளங்கவில்லை. தவிட்டையெல்லாம் தார்ப்பாயில் கொட்டி இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, புதுச் சாக்கு மாற்றி, என் வீட்டுக் கூடத்தில் அடுக்கிய பிறகுதான் சிட்டு வாய் வைத்தது. காய்கிற தவிட்டைக் கிளறிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து பாய் சொன்னார்: "ஏம்மா, அந்த நாத்தத்துக்குள்ளயே பொறந்து வளந்தவங்க நீங்க. உங்க மூக்க நம்பி ஒரு குதிரய பட்டினி போட்டுட்டீங்களே."

சேணத்துக்கு ஒரு பங்கு

எங்கள் பக்கத்தில் மீன் வந்தால் பங்கு பிரிப்பது எப்படி என்று தெரியுமல்லவா? ஆளுக்கு ஒரு பங்கு, அதோடு படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. சாமானும் உழைக்கிறது, அதற்கும் வயிறு உண்டு என்பது போல. முதல் வாரம் தவிடு அளக்கும்போது தேசப்பன் அண்ணன் இரண்டு சாக்கோடு வந்து நின்றார். சிட்டுவுக்கு அளந்து முடித்தேன். அவர் நகரவில்லை.

"இன்னாண்ணே?" என்றேன். இன்னொரு சாக்கை விரித்துக் காட்டினார். குதிரை ஒன்றுதானே, இது யாருக்கு என்று கேட்டேன். சேணத்துக்கு என்றார். வரிசையில் பின்னால் நின்ற பாஷா பாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்படியானால் என் சாரட்டு வண்டிக்கும் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து அளந்துவிடு என்றார். தேசப்பன் அண்ணன் சிரிக்கவில்லை. அடுத்த வேன் வருமோ வராதோ என்கிற பயத்தில் மனிதர் இப்படியெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் என்னிடம் இருப்பது குதிரைத் தலைக்கு இவ்வளவு என்கிற அளவுதானே. இல்லை என்று தலையாட்டினேன். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகும்போது சொன்னார்: "சேணம் திங்காது, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு மொறைனு கீதில்ல, தங்கச்சி."

போர்வை

ஒவ்வொரு குதிரையும் தின்கிறதைப் படம் எடுத்து வாரத்துக்கு ஒருமுறை சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். இது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் வந்து செய்து பாருங்கள். நான் போனைத் தூக்கினால் என் மகள் குறுக்கே வந்து நின்று சிரிப்பாள். அவள் நகர்ந்தால் குதிரை திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டும். முதல் வாரம் நான் அனுப்பியதில் பாதி வால், பாதி என் மகள்.

சிட்டுவின் படம் மட்டும் சரியாக எடுக்கவே முடியவில்லை. நான் போகும் நேரம் பார்த்து அண்ணன் அதன் முதுகில் தன் வீட்டுக் கம்பளியைப் போர்த்தி, வயிற்றைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார். உச்சி வெயிலில் கம்பளி போர்த்திய குதிரையைப் படத்தில் பார்த்துவிட்டு சங்கத்து மேடம் எனக்குப் போன் செய்து, உங்கள் ஊரில் அவ்வளவு குளிரா என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு நேரே போய் அண்ணனைக் கேட்டேன். அவர் கம்பளியைத் தூக்கிக் காட்டினார். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. அண்ணன் மறுபடி கம்பளியை இழுத்து மூடிக்கொண்டே சொன்னார்: "எலும்பு தெரிஞ்சா நான் கொடுமக்காரன்னு குதிரய எடுத்துனு பூடுவாங்க. தெரியலேன்னா நல்லாதானே கீதுன்னு தவிட்ட நிறுத்திடுவாங்க. எந்தப் போட்டோவ அனுப்பலாம், நீயே சொல்லு."

நான் இரண்டையும் அனுப்பினேன். கூடவே ஒரு நீளமான செய்தியும் எழுதினேன். பதில் வரும்வரை போனைக் கீழே வைக்கவில்லை. அடுத்த வேனில் சிட்டுவுக்கென்று தனியாக வெல்லப்பாகு ஒரு டப்பா வந்தது. அதில் மேடத்தின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "கம்பளி வேண்டாம், வெயில் படட்டும்."

பல் பார்த்த ஆள்

இளைத்த குதிரை எங்கே நிற்கிறது என்று சிலருக்கு எப்படித்தான் தெரியுமோ. சூளூர்பேட்டைப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். சிட்டுவை வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஓட்டவா, வண்டியில் பூட்டவா என்று கேட்டதற்கு நேரான பதில் இல்லை. கறிக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தேசப்பன் அண்ணனின் மனைவி மல்லிகா அண்ணி மூன்று வாரமாகவே, விற்றுத் தொலை, இருக்கிற இரண்டு பிள்ளைகளுக்கே சோறு பார்க்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அன்றைக்கு அவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அளக்கிற படியைக் கையில் பிடித்தபடி வேலி ஓரமாக நின்றேன். வந்தவர் சிட்டுவின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். விலாவில் தட்டினார். நாக்கைச் சப்புக்கொட்டி, கிழடு, இதைக் கொண்டுபோவதே உங்களுக்கு நான் செய்கிற உதவி என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மல்லிகா அண்ணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, புருஷனுக்கும் குதிரைக்கும் நடுவில் நின்றார்: "எங்க ஊட்டுக்காரர் பல்லையும் பாத்துக்க. அதுவும் ஆடுது, தோளும் எறங்கிடுச்சு, ஒழுங்கா நடக்கறதும் இல்ல. ஓட்டினு போறதுன்னா ரெண்டையும் சேத்து ஓட்டினு போ, இல்லேன்னா வண்டிய எடு."

மேய்ச்சல் பாடு

எங்கள் மண் உப்பு. குதிரை தின்கிற மாதிரியான புல் தோணிரேவுப் பக்கம் ஒரு நல்ல தண்ணீர்க் குளத்தங்கரையில்தான் முளைக்கும். மழைக்குப் பிறகு அங்கே கொஞ்சம் பச்சை தெரிந்தது. நாலு குதிரைக்காரர்களும் விடியும்முன் போய் இடம் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் கைகலப்பாகிவிடும் போல இருந்தது. பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கச் செய்வதையே இங்கேயும் செய்யலாம் என்று நான் சொன்னேன். ஏரியில் நல்ல மீன் விழுகிற இடங்களுக்குப் பாடு உண்டு. இன்றைக்கு இந்த இடம் இந்தக் குடும்பத்துக்கு, நாளைக்கு அடுத்த குடும்பத்துக்கு என்று முறை வைத்துச் சுற்றி வரும், முறை இல்லாதவன் அங்கே வலை இறக்கக் கூடாது. அதேபோலக் குளத்தங்கரைக்குச் சீட்டுப் போட்டோம். யாருக்கு மேய்ச்சல் முறையோ அவருக்கு அன்றைக்குத் தவிடு கிடையாது, மற்ற நாளில் தவிடு. சண்டை நின்றது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, ஒளிப்பானேன்.

சிட்டுவின் பாடு வந்த அன்று காலையில் எங்கள் ஊரில் ஒரு சாவு. சாவு விழுந்தால் எடுக்கிறவரை எந்தப் படகும் இறங்காது, பாடு இருந்தாலும் யாரும் போக மாட்டார்கள். ஊர்க் கட்டுப்பாடு அது. அன்றைக்கு முறை உள்ளவனுக்கு அந்தப் பாடு போச்சு. அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வழியில் பார்த்தால் சிட்டு வேப்பமரத்தில் கட்டிப்போட்டபடி நிற்கிறது. காலையிலிருந்து ஒரு வாய் புல் இல்லை. மேயப் போகாததால் மேய்ச்சல் இல்லை, மேய்ச்சல் நாள் என்பதால் தவிடும் இல்லை. பாஷா பாய்க்குக் கோபம் வந்துவிட்டது, செத்தது உங்கள் சொந்தம், குதிரை என்னப்பா பாவம் பண்ணியது என்று சத்தம் போட்டார். தேசப்பன் அண்ணனுக்குத் தான் செய்தது தப்பு என்றே தோன்றவில்லை. "ஊரே கரையில குந்தினு கீது. என் குதிரை மட்டும் மேய்ச்சல் பாட்டுக்குப் போச்சுன்னா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சினு ஊர்க்கூட்டத்துல நிப்பேன், பாய்?"

லத்திக்குக் காத்திருந்த ஊர்

மறுநாள் அண்ணன் இன்னொரு காரியம் செய்தார். நேற்று பட்டினி கிடந்ததே என்கிற வேதனையில், இரண்டு நாளைக்கென்று நான் கொடுத்திருந்த கொள்ளு முழுவதையும் சிட்டு முன்னால் கொட்டிவிட்டார். ஊறவும் போடவில்லை. மனிதனுக்கு விட்டதைப் பிடித்துக் கொடுக்கலாம், குதிரையின் வயிற்றுக்கு அது ஆகாது. மதியத்துக்குள் சிட்டு முன்னங்காலால் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. கழுத்தெல்லாம் வேர்வை. பிறகு பொத்தென்று படுத்து உருண்டது. நான் பொன்னேரிப் பக்கம் இருக்கிற கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். சாலை இருக்கிற நிலைமையில் வந்து சேர நேரமாகும், அதுவரை உருள விடாதீர்கள், நடக்க வைத்துக்கொண்டே இருங்கள், உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் நான் வந்தும் பிரயோசனம் இல்லை என்றார்.

அண்ணன் ஒற்றைத் தோளால் எவ்வளவு நேரம் இழுப்பார்? பிள்ளை தூக்குகிற மாதிரி ஆள் மாற்றி ஆள் கயிற்றைப் பிடித்தோம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துவிட்டு ஏரியிலிருந்து ஏறிய பெண்கள் ஈரச் சேலையோடு பின்னால் தட்டிக்கொண்டே நடந்தார்கள். பாஷா பாய் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே ஓடினார். என் முறை வந்தபோது மகளைக் கீழே இறக்கிவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். சிட்டுவின் தலை என் தோளில் சாய்ந்து சாய்ந்து கீழே போனது. அந்தக் கனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடிக்கொரு தரம் அண்ணன் நிறுத்தச் சொல்லி, அதன் விலாவில் காதை வைத்துக் கேட்பார். துடுப்பைத் தண்ணீரில் விட்டு, காம்பில் காதை வைத்து மீன் கூட்டம் வருகிறதா என்று கேட்பார்களே, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு. வயிற்றில் சத்தம் இல்லை என்று கையை விரிப்பார். மறுபடி நடப்போம்.

டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். லத்தி போட்டால் பிழைத்தது, இல்லையென்றால் எதுவும் சொல்ல முடியாது என்றார். இனிமேல் என்ன, காத்திருக்க வேண்டியதுதான். ஒரு ஊரே குதிரையின் பின்பக்கத்தைப் பார்த்தபடி மூச்சுவிடாமல் நின்றதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். வெயில் தாழ்ந்து, ஏரிப் பக்கம் காற்று திரும்பியது. சிட்டு வாலைத் தூக்கியது. மூன்று உருண்டை விழுந்தது. அண்ணன் குனிந்து அதில் ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கிளம்பும்போது டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், நாளைக் காலை வரைக்கும் தண்ணீர் தவிர ஒரு வாய் தீனி கூடாது, பொறுப்பு உன்னுடையது. அப்போதுதான் என் வேலையின் நிஜமான கஷ்டம் ஆரம்பித்தது. பிழைத்துக்கொண்டது என்று கேள்விப்பட்ட ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாராவது எதையாவது கொண்டுவந்தார்கள். கஞ்சி, வாழைப்பழம், முருங்கைக் கீரை, ஒரு பையன் பிஸ்கட். நான் கையில் ஒரு குச்சியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லோரையும் விரட்டினேன். தவிட்டுக்காரி தவிட்டைத் தடுக்கிறாளே என்று கிண்டல் செய்தார்கள். எல்லோரும் போய்விட்டார்கள் என்று நான் மகளுக்குச் சோறு ஊட்டத் திரும்பிய நேரத்தில், மரத்துக்கு அந்தப் பக்கம் மல்லிகா அண்ணி நின்றுகொண்டிருந்தார். முந்தானை முடிச்சு அவிழ்ந்திருந்தது, உள்ளங்கையில் வெல்லம், அதைச் சிட்டுவின் நாக்கு தொட்டுக்கொண்டிருந்தது. நான் குச்சியை ஓங்கினேன். அண்ணி கையை மூடிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான் இன்னா பண்ணேன்? சும்மா நின்னுனு இருந்தேன். அதுவா வந்து என் கைய நக்குது."

காணும் பொங்கலுக்குச் சாலை திறந்தது. சிட்டு மேல் பெரியவர்களை ஏற்றக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், அன்றைக்கு அது குழந்தைகளை மட்டும் சுமந்தது. முதல் சுற்று என் மகளுக்கு. குதிரை போட்ட சுற்றுகளைவிட மல்லிகா அண்ணி போட்ட சத்தம் அதிகம், ஓட்டாதே, அடிக்காதே, நிழலில் நிறுத்து என்று.

பசித்த குதிரைக்குத் தீனி தேடித் தருவதை எப்படியோ செய்துவிடலாம், பாசம் வந்துவிட்ட ஊரின் கையிலிருந்து அந்தக் குதிரையின் வயிற்றைக் காப்பாற்றுவதற்குத்தான் தனியாக ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியிருக்கிறது.